பைபாஸில் இறங்கிய தர்க்கம்

வங்கித் தேர்வுக்குப் படிக்கிறவர்களைத் திணறடிப்பது 'கூற்றும் அனுமானமும்' பகுதி. சொன்னதைப் படித்தால் போதாது, சொல்லாமல் விட்டதைப் பிடிக்க வேண்டும். சந்தேகம் வந்ததை மறுத்துப் பார்க்கணும். மறுத்ததும் வாதம் படுத்துவிட்டால் அதுதான் ஒளிந்திருந்த ஆசாமி.

கோச்சிங் சென்டரில் பணம் கட்டுவதற்கு முன், கிளாம்பாக்கத்தில் விழுப்புரம் பஸ் ஏறிப் பாருங்கள். விழுப்புரம் போகிற வழியில்தான் திண்டிவனம். ஆகவே இந்த பஸ் திண்டிவனம் போகும். கணக்கு சுத்தம். சில்லறையை எண்ணிக்கொண்டே கண்டக்டர் சொல்வார்: "ஊருக்குள்ள போவாதுங்க, பைபாஸ்லதான் நிக்கும்." ஊரைத் தாண்டுகிற பஸ் ஊருக்குள் நுழையும் என்று யார் சொன்னது? போர்டில் அப்படி எழுதவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு, பையைத் தூக்கிக்கொண்டு, மேம்பாலத்தடியில் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசும்போது பாடம் நன்றாகப் பதியும்.

இத்தனைக்கும் தர்க்கம் தெரியாத மண்ணல்ல இது. பக்கத்து மேல்சித்தாமூரில் சமண மடம் இருக்கிறது. பௌத்தரையும் சாங்கியரையும் வாதுக்கிழுத்து மடக்கும் 'நீலகேசி' அந்தச் சமயத்தின் நூல்தான்.

நீலகேசிக்கே ஒரு கேள்வி மிச்சம். திண்டிவனம்–செஞ்சி–திருவண்ணாமலை ரயில் பாதை 2006-07 பட்ஜெட்டில் வந்தது; ஆகவே ரயில் வரும். அறிவித்தால் போடுவார்கள் என்பதை மறுத்துப் பாருங்கள். செஞ்சிக்காரர் இன்னும் பஸ்ஸில்தான் போகிறார். தேர்தலுக்குத் தேர்தல் அந்த 'ஆகவே' மட்டும் நேரத்துக்கு வந்து போகிறது.