பிறந்தகம் திரும்பிய மேரியோ

நின்றுகொண்டு, காசு போட்டு, நாலு பேர் பார்க்க ஆடுவதற்கென்றே ஏற்பட்ட ஆர்கேட் பெட்டிக்குள், சோபாவில் சாய்ந்தபடி ஆடுவதற்கென்று செய்யப்பட்ட வீட்டு வீடியோ கேம்களை எமுலேட்டர் என்னும் மென்பொருளின் சகாயத்தால் குடியேற்றிவிட்டால் சகல சௌபாக்கியமும் சித்தித்துவிடும் என்பது என் நண்பர் ஒருவருடைய அபிப்பிராயம். பெட்டியைத் தம் கையாலேயே செய்தவராகையால், அதை ஆட்சேபிக்கும் அதிகாரம் விருந்தாளிகளுக்குக் கிடையாது.

மேரியோ 1981-இல் 'டாங்கி காங்' என்ற ஆர்கேட் ஆட்டத்தில் அவதரித்தபோது, ஒரு ஜாய்ஸ்டிக்கும் குதிப்பதற்கு ஒரு பட்டனுமே அவருடைய ஆஸ்தி. 1985-இல் 'சூப்பர் மேரியோ பிரதர்ஸ்' வழியாக நின்டெண்டோவின் வீட்டுக் கருவிக்குப் புக்ககம் போன பிறகு, அவருடைய நடையே மாறிவிட்டது. ஓடுவதற்கு 'பி' பட்டனை விடாமல் அழுத்தவேண்டும். ஓடும்போதே குதிக்க 'ஏ' பட்டனையும் தட்டவேண்டும். கட்டைவிரலின் நுனி முன்னதைப் பிடித்திருக்க, அதே விரலின் கணு சற்றே சாய்ந்து பின்னதைக் கவனித்துக்கொள்ளும் அந்த அபூர்வ வித்தையைக் குழந்தைகள் எவருடைய உபதேசமுமின்றியே கற்றுக்கொண்டார்கள். நண்பருடைய பெட்டியிலோ ஒவ்வொரு பட்டனும் 30 மில்லிமீட்டர் விட்டம். கட்டைவிரல் பதவியிழந்து தொங்க, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அதன் உத்தியோகத்தைப் பங்கிட்டுக்கொண்டு, ஒன்று செய்வதை மற்றொன்று அறியாமல் நிர்வாகம் நடத்தியதில், பிறந்தகம் வந்த மேரியோ முதற்குழியிலேயே பிராணனை விட்டார்.

"பழகப் பழகச் சரியாகிவிடும், ஓய்" என்றார் நண்பர்.

1996-இல் வந்த 'சூப்பர் மேரியோ 64' எந்தப் பழக்கத்துக்கும் கட்டுப்படாது. அதற்குரிய குச்சியை இலேசாகச் சாய்த்தால் மேரியோ நுனிக்காலில் நடப்பார். முழுதும் சாய்த்தால் ஓடுவார். உறங்கும் மாமிசபட்சிணிச் செடியை எழுப்பாமல் அணுக அந்த நுனிக்கால் நடையே உபாயம். ஆர்கேட் ஜாய்ஸ்டிக்கின் அடியிலோ நான்கு மைக்ரோசுவிட்சுகள். 'உண்டு', 'இல்லை' என்பதற்கு அப்பால் அவற்றுக்கு வேறு தத்துவம் தெரியாது. ஆகவே மேரியோ தடதடவென்று ஓடியே போனார். செடி விழித்துக்கொண்டது. அப்புறம் நடந்ததை விவரிப்பது நாகரிகமன்று.

'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' மாத்திரம் அமோகமாக நடந்தது. 1991-இல் ஆர்கேடுக்கென்றே ஆறு பட்டன்களோடு பிறந்து, மறுவருஷம் சூப்பர் நின்டெண்டோவுக்கு வந்து, அங்கே இரண்டு பட்டன்களைத் தோளிலே சுமந்து கஷ்டப்பட்ட ஆட்டம் அது. இங்கே ஆறும் இரண்டு வரிசையாகப் பூர்வ ஸ்தானத்தில் வந்தமர்ந்தன.

"பார்த்தீரா!" என்று பூரித்தார் நண்பர்.

அதே ஆட்டத்தின் அசல் ஆர்கேட் பதிப்பும் அதே பெட்டியின் பட்டியலில், இரண்டு வரி கீழே இருந்ததையும் பார்த்தேன்தான். ஆனால் உள்ளேயிருந்து காபி இன்னும் வரவில்லை.