சரிபார்ப்புத் தம்பி

ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம் மூன்றும் முட்டிக்கொள்ளும் குப்பத்தில் இந்த ரகத்து ஆள் தெருவுக்கு ஒருவராவது தேறுவார். வாரநாளில் பெங்களூர் கம்பெனி, வார இறுதியில் ரயிலேறி ஊர். சரிபார்ப்புத் தம்பி என்று பெயர் வைத்துக்கொள்வோம். எந்த விளையாட்டையும் அவர் விளையாடமாட்டார். அது விளையாடத் தகுதியானதா என்று மட்டும் பார்ப்பார்.

அக்கா பிள்ளைகள் சார்ட் அட்டையில் சொந்தமாகப் பரமபதம் வரைந்திருந்தால் போதும், அதைச் சரிபார்க்கப் புரோகிராம் எழுதத் தம்பி லேப்டாப்பைத் திறந்துவிடுவார். உடனே விளையாட்டு தொடங்கும் என்று யாரும் நம்பிவிடக் கூடாது. முதலில் புது ஃபோல்டர். அதில் வெர்ச்சுவல் என்விரான்மென்ட்: ஒரு ப்ராஜெக்ட்டின் தீட்டு இன்னொன்றில் ஒட்டாதிருக்க. பிறகு வரி முன்னால் நாலு இடைவெளியா, டேப்பா என்ற தர்க்கம். 1991இல் கைடோ வான் ராசம் வெளியிட்ட பைதான் மொழிக்கு இந்த விஷயத்தில் இரக்கம் கிடையாது. கோலத்தில் புள்ளி பிசகினால் பாட்டி ஒரு வளைவு போட்டுச் சமாளிப்பாள்; பைதான் சிவப்பு எழுத்தில் திட்டும். இதற்குள் பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருப்பார்கள்.

ஆனால் ஆள் சொல்வதில் பிழை இருக்காது. அதுதான் வயிற்றெரிச்சல். "16இல் ஏணி, 47க்கு ஏத்துது. 47இல் பாம்பு, 16க்கே இறக்குது. இதுல மாட்டினவன் எப்படா வெளிய வருவான்?" இந்தச் சுழலைக் கண்டுபிடிக்க, ஏற்கெனவே போன கட்டங்களைக் குறித்துவைக்க வேண்டும். அந்த ஒரு வரியைத் தம்பி மறந்தார். புரோகிராமே 16க்கும் 47க்கும் ஏறி இறங்கிக்கொண்டிருக்க, லேப்டாப் விசிறி மாவு மில் போல இரைந்தது. குறித்துவைக்கும் வரியைச் சேர்த்த பிறகு அடுத்த குற்றம் வந்தது: 100ஆம் கட்டத்தில் பாம்புத் தலை. யாருமே ஜெயிக்க முடியாதே என்றால், "அது நீ ஆடும்போது மட்டும் மாமா" என்றது சின்னது.

திண்ணைக்கு வந்தால் கருங்கல்லில் கீறிய ஆடுபுலி ஆட்டம். தெலுங்குக்காரர் அதைப் புலி மேக என்பார், கன்னடக்காரர் ஆடு ஹுலி என்பார். மூன்று மொழியிலும் அழுகுணி ஆட்டம் ஒன்றுதான். 3 புலி, 15 ஆடு. உச்சியில் 1 புள்ளி, கீழே வரிசைக்கு 6 என்று மூன்று வரிசை, அடியில் 4, ஆக 23. தம்பி ஒவ்வொரு கோட்டையும் தட்டி ஏற்றினார். 3லிருந்து 4க்கு வழியிருந்தால் 4லிருந்து 3க்கும் உண்டா? தனித்து நிற்கும் புள்ளி உண்டா? புலி தாண்டும் மூன்று புள்ளியும் ஒரே நேர்கோட்டில் உள்ளனவா? நேபாளத்துப் பாக்சாலுக்கு 4 புலி, 20 ஆடு, 25 புள்ளி; அதையும் இந்தப் புரோகிராம் சோதிக்கும் என்றார். குப்பத்தில் அதைக் கேட்டு வந்தவர் யாருமில்லை.

ரிசல்ட் வந்தது.

"தாத்தா, மூணாவது வரிசையில ஒரு கோடு இல்ல. பலகை தப்பு."

தாத்தா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். "இல்லதான் நைனா. உங்க பெரியப்பன் அந்தப் பக்கமாதான் புலியைப் பாய விடுவான். நாங்கதான் தேச்சு விட்டோம்."

பெரியப்பா அப்போதும் புலியைக் கையில் உருட்டிக்கொண்டுதான் இருந்தார், மறுத்துப் பேசவில்லை.

தம்பி யோசித்தார். விதிவிலக்குகள் பகுதியில் 'பெரியப்பா = ட்ரூ' என்று ஒரு வரி சேர்த்தார். பலகை தேறிவிட்டது. ஆட்டுப் பக்கம் ஒரு கை குறைகிறது, உட்கார் என்று கூப்பிட்டார்கள்.

"இருங்க தாத்தா, பெரியப்பாவுக்கு டெஸ்ட் எழுதிட்டு வரேன்."