தேத்தண்ணிக் கடைப் பாடகர்

கேள்வி: பாப் டிலான் கோப்பிக் கடைகளில் பாடித்தான் பெரியாளானாராமே? எங்கள் ஊர் தேத்தண்ணிக் கடையில் நானும் தொடங்கலாமா?
— வாசகர், உடப்பு

பதில்: தாராளமாக! 1961 ஜனவரியில் நியூயார்க் வந்தவர், 'கஃபே வா?' என்ற கடையில் பகல்வேளையில் அடுத்தவர் பாட்டுக்கு மவுத் ஆர்கன் ஊதினார். அந்த வட்டாரக் கடைகள் பலவற்றில் சம்பளம் கிடையாது. சுற்றிவரும் கூடையில் விழும் சில்லறைதான். செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் புகழ்ந்தது. அடுத்த மாதமே கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் அவரோடு ஒப்பந்தம் போட்டது.

ஆனால் பாடக் கடைதான் வேண்டும் என்றில்லை. புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் ஆப்பிரிக்க வம்சாவளியினர் சிரட்டையும் போத்தலும் தட்டி 'மஞ்சா' பாடக் கடையே தேவைப்படவில்லை. உங்களூரிலும் கரைவலை இழுக்கும் அம்பாப் பாட்டு உண்டே; அங்கே பாடினால் மீனாவது மிஞ்சும். கடையில்தான் பாடுவேன் என்றால் பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டுப் போங்கள். முதலாளி முதலில் திறப்பது காதையல்ல, கடன் கொப்பியை.