இல்லாத நாய் கடித்தது தொடர்பாக

பெறுநர்:
உயர்திரு செயல் அலுவலர் அவர்கள்,
எங்கள் பேரூராட்சி, தருமபுரி மாவட்டம்.

பொருள்: பதிவேட்டில் இல்லாத நாய் என்னைக் கடித்தது – நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

பார்வை: 1. என் இடது தொடை. 2. தங்கள் அலுவலக எழுத்தரின் வாய்மொழி ஆணை.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

பார்வை 1இல் கண்ட இடத்தில் பக்கத்து வீட்டு ராட்வைலர் கடித்தது குறித்து நான் நேரில் கொடுத்த மனுவை, தங்கள் அலுவலகம் சிரத்தையோடு பரிசீலித்தது. காயத்தைக் காட்டச் சொன்னார்கள். வரி கட்ட வந்தவர்கள் எதிரில் வேட்டியை விலக்கிக் காட்டினேன். எழுத்தர் எட்டிப் பார்த்துவிட்டு, “நாய்க்கு லைசென்ஸ் இருக்குங்களா?” என்று என்னைக் கேட்டார். “அதை நீங்கதானே சொல்லணும்” என்றேன். ஏதோ ஒரு பேரேட்டைப் புரட்டிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: “நம்ம ரெக்கார்டுல அந்தத் தெருவுல நாயே கிடையாதுங்க. இல்லாத நாய் மேல எப்படி நடவடிக்கை எடுக்கிறது?”

அதோடு விடவில்லை. “வந்தது வந்தீங்க, தண்ணி வரி பாக்கி இருக்கு, கட்டிட்டுப் போயிடுங்க” என்றார். நொண்டிக்கொண்டே போய்க் கட்டினேன். நான் பதிவேட்டில் இருக்கிறேன் என்பதை அன்றைக்கு உறுதிசெய்து கொடுத்தமைக்கு முதற்கண் நன்றி.

அந்த இல்லாத நாயைப் பற்றித் தங்கள் மேலான கவனத்துக்குச் சில தகவல்கள். அது மாந்தோப்புக் காவலுக்கென்று பெங்களூரிலிருந்து காரில் வந்தது. இல்லாத நாய்க்கு எத்தனை ஆயிரம் கொடுத்தார் என்பதை உரிமையாளர் தெருவில் ஒருவர் விடாமல் சொல்லி முடித்துவிட்டார். இல்லாத நாய்க்குத் தினமும் கோழிக்கறி வேகும் வாசனை எங்கள் வீட்டுக் களியைக் கேலி செய்கிறது. கேட் திறந்திருந்த அன்று அது என் மேல் பாய்ந்தபோது, உரிமையாளர் வாசலிலிருந்தே அபயம் அளித்தார்: “ஒண்ணும் பண்ணாதுங்க, விளையாடுது. அசையாம நில்லுங்க, ஓடினாத்தான் கடிக்கும்.” நின்றேன். நின்றவனையும் கடித்தது.

அரசு மருத்துவமனையில் காயத்தைச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவி, காயத்துக்குள்ளேயே இம்யூனோகுளோபுலின் ஏற்றி, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று தடுப்பூசிக்குச் சீட்டும் எழுதிக் கொடுத்தார்கள். “நாய்க்கு ஊசி போட்டிருக்காங்களா? பத்து நாள் அதைக் கவனிச்சுட்டே இருங்க” என்றார் செவிலியர். இல்லாத நாயை எப்படிக் கவனிப்பது? உரிமையாளரைக் கேட்டால், அது தோட்டத்துக்குப் போயிருக்கிறதாம்.

சட்டம் இல்லாமல் இல்லை, ஐயா. பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு, தன் விலங்கால் பிறர் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறியவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. அதைச் சொல்லிக்கொண்டு காவல் நிலையம் போனேன். பேரூராட்சிக்குப் போகச் சொன்னார்கள். பேரூராட்சியில் நடந்ததுதான் மேலே சொன்னது.

மேலிடத்திலும் இதே மரபுதான். 2024 மார்ச்சில் ராட்வைலர் உள்ளிட்ட 23 இன நாய்களைத் தடை செய்யச் சொல்லி ஒன்றிய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. மே 5 அன்று சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறின. உடனே நம் மாநிலத்திலும் தடை ஆணை பிறந்தது, பிறந்த வேகத்தில் திரும்பியும் போனது. இல்லாத நாய்க்கு இல்லாத ஆணை, பொருத்தம் பிரமாதம்.

நம் மாவட்டத்தில் காட்டு யானைக்கே கணக்கு உண்டு. 2023 பிப்ரவரியில் பாலக்கோடு பக்கம் வயல்களில் புகுந்த, தந்தமில்லாத மக்னா யானையை மயக்க ஊசி போட்டு, கும்கி வைத்து, லாரி ஏற்றி டாப்சிலிப் வரை கொண்டுபோய் விட்டார்கள். அது பிடிக்கவில்லையென்று கோவைப் பக்கம் நடந்து வந்தபோதும், விடாமல் பின்தொடர்ந்து மறுபடி பிடித்தார்கள். உரிமையாளரே இல்லாத யானைக்கு இவ்வளவு பொறுப்பாளர்கள்! உரிமையாளர் வாசலிலேயே நிற்கும் நாய்க்கு ஒருவர்கூட இல்லை. 2024 அக்டோபரில் தொடங்கிய 21ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் நாய்களையும் எண்ணினார்கள். ஆக, டெல்லிக்குத் தெரிந்த நாய் தங்கள் அலுவலகத்துக்கு மட்டும் தெரியவில்லை.

அந்த வாசலைத் தாண்டித்தான் அங்கன்வாடிக்குப் பிள்ளைகள் போகிறார்கள். என்னைத் தொடையில் கடித்தது. அந்த உயரத்தில் மூன்று வயதுப் பிள்ளைக்குக் கழுத்து இருக்கிறது. வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அபூர்வத்திலும் அபூர்வம். 2024இல் மட்டும் தமிழ்நாட்டில் சுமார் 4.8 லட்சம் பேரை நாய் கடித்தது, 43 பேர் வெறிநோயில் செத்தார்கள். இதைத் தெரிந்தும் தண்ணி வரி பாக்கியைத் தேட நேரம் இருக்கிறது, நாயைத் தேட நேரமில்லை என்றால், அந்த நாற்காலிகள் எதற்கு? யார் வீட்டுப் பிள்ளைக்காகக் காத்திருக்கிறீர்கள்?

மன்னிக்கவும். ஊசி போட்ட உடம்பு, கொஞ்சம் சூடாகிவிட்டது. தங்கள் பொற்கால ஆட்சியில் குறை சொல்ல எனக்கு ஏது தகுதி!

தெருநாய் என்றால் உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போனது, கருத்தடை விதிகள் 2023 இருக்கின்றன. பணம் கொடுத்து வாங்கி, பெயர் வைத்து, கேட்டைத் திறந்துவிடும் மனிதரைத்தான் யாரும் கேட்பதில்லை. சென்னை மாநகராட்சி 2025 கடைசியில், உரிமம் இல்லாத வளர்ப்பு நாய்க்கு 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்து, மைக்ரோசிப்பும் பொருத்தத் தொடங்கியது. அப்போது உரிமக் கட்டணம் வெறும் 50 ரூபாய்.

நமக்கு மைக்ரோசிப் வேண்டாம், ஐயா. இரண்டு குயர் நோட்டு ஒன்று போதும். வீடு வீடாக வரி கேட்டு வரும் அதே ஊழியர், நாய் உண்டா, தடுப்பூசி போட்ட தேதி என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். கயிறும் வாய்மூடியும் இல்லாமல் பெரிய நாயைத் தெருவில் விடுபவருக்கு முதலில் நோட்டீஸ் கொடுங்கள், அடுத்த முறை 291இன் கீழ்ப் புகாரைத் தாங்களே கொடுங்கள். கடிபட்டவன் வரும் வரை காத்திருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் பேரூராட்சிவாசி.