ஹார்ட் டிஸ்க் வைத்தியர்

எந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலும் லிஃப்ட் சில நாள் ஓடாது, தண்ணீர் சில நாள் வராது. ஹார்ட் டிஸ்க் வைத்தியர் மட்டும் கூப்பிட்டவுடன் வந்துவிடுவார். கூப்பிடாவிட்டாலும் வருவார்.

பெரும்பாலும் வங்கியில் ஓய்வுபெற்றவர். “எங்க பிராஞ்சுக்குக் கம்ப்யூட்டர் வந்தப்போ முதல்ல சுவிட்ச் போட்டவனே நான்தான்” என்பது அவருடைய கல்வித் தகுதி. பேனா இருக்கவேண்டிய சட்டைப் பையில் டெஸ்டர் இருக்கும்.

“கறுப்புத் திரையில பூட் டிவைஸ் இல்லைன்னு வருது அங்கிள்.”

“வரட்டும்மா. நான்தான் வந்துட்டேன்ல?”

முதலில் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, சாட்டா கேபிளையும் பவர் கேபிளையும் பிடுங்கிச் செருகுவார். பிறகு பயாஸுக்குள் போய் டிஸ்கின் பெயர் தெரிகிறதா என்று பார்ப்பார். நியாயமாகச் சொன்னால், இதுவரை அவர் செய்வதெல்லாம் சரி. பாதி வீடுகளில் கேபிள்தான் தளர்ந்திருக்கும். சில வீடுகளில் மதர்போர்டின் 2032 பட்டன் பேட்டரி தீர்ந்து, எந்த டிஸ்கிலிருந்து தொடங்குவது என்பதையே பயாஸ் மறந்திருக்கும். பேட்டரியை மாற்றி, அமைப்பைத் திருத்தினால் கம்ப்யூட்டர் எழுந்து உட்காரும். அப்படி ஒரே ஒரு வீட்டில் எழுந்து உட்கார்ந்தாலே போதும், வினைதான். அந்தப் புகழில் பத்து வருஷம் பிராக்டீஸ் செய்வார்.

ஆபத்து அடுத்த கட்டத்தில் தொடங்குகிறது. டிஸ்கில் காதை வைத்து, கண்ணை மூடிக்கொள்வார்.

“டிக்... டிக்... கேக்குதா? உயிர் இருக்கு!”

அந்தச் சத்தம் உயிரின் அடையாளம் அல்ல. மேசைக் கம்ப்யூட்டரின் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும். அதன் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில், தொடாமல் மிதந்து படிப்பது ஹெட். தன் தடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் அது திரும்பத் திரும்பப் போய்வரும்போதுதான் இப்படி டிக் டிக் என்று அடிக்கும். கெட்டுப்போன ஹெட் தட்டில் உரசினால், உரசிய இடத்தில் இருந்த கல்யாண ஆல்பம் தூளாகிவிடும். விஷயம் தெரிந்தவர் அந்தக் கணமே பிளக்கைப் பிடுங்குவார். வைத்தியரோ, “இன்னொரு தடவை ஆன் பண்ணும்மா, நல்லாக் கேப்போம்” என்பார்.

அடுத்து டெஸ்டரின் கைப்பிடியால் இரண்டு தட்டு. பழைய டிஸ்குகளில் ஹெட் தட்டின்மேலேயே இறங்கி ஓய்வெடுக்கும்; சமயத்தில் ஒட்டிக்கொள்ளும்; லேசாகத் தட்டினால் விடுபடும். இப்போது பெரும்பாலான டிஸ்குகளில் ஹெட் தட்டைவிட்டு வெளியே ஒரு சரிவில் ஏறி ஓய்வெடுக்கிறது. வைத்தியருக்கு இந்த இடமாற்ற உத்தரவு வந்து சேரவில்லை.

அதற்கும் மசியாவிட்டால் பாலிதீன் பையில் சுற்றி ஃப்ரீசருக்குள். “ராத்திரி முழுக்க இருக்கட்டும். ஐஸ் ட்ரேயை எடுத்துடும்மா.” காலையில் வெளியே எடுத்ததும் ஈரம் படிந்து, மிச்சமிருந்த வாய்ப்பும் வியர்த்துப்போகும்.

மூன்றாம் நாள் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போய் அதே மாடல் பழைய டிஸ்க் ஒன்றை வாங்கி, அதன் சர்க்யூட் போர்டை இதில் பொருத்துவார். ஓடாது. ஒவ்வொரு டிஸ்குக்கும் உரிய அளவீடுகள் அதனதன் போர்டில் உள்ள சிப்பில் இருக்கும். அதையும் மாற்றாமல் வேலை நடக்காது.

கடைசியில் நட்சத்திரத் தலை ஸ்க்ரூவைக் கழற்றி மூடியைத் திறப்பார். தரவு மீட்பு நிலையங்கள் தூசி வடிகட்டிய அறையில் செய்கிற வேலையை, ஃபேனை அஞ்சில் வைத்துக்கொண்டு டைனிங் டேபிளில் செய்வார்.

“உள்ள எவ்வளவு பளபளன்னு இருக்கு பாரும்மா!”

வீட்டார் மொத்தப் பேரும் தங்கள் முகத்தை அதில் ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள். அதோடு சரி.

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முதல் நாள் முதல் நிமிடம் கேட்டிருக்கவேண்டிய கேள்வியை அப்போது கேட்பார்: “ஏம்மா, பேக்கப் எடுத்து வெச்சிருக்கலாமே?”

எனவே, டிஸ்க் ஒழுங்காக ஓடும் இன்றைக்கே முக்கியமானவற்றை இன்னொரு டிஸ்கில் நகலெடுத்துவிடுங்கள். பிறகு வைத்தியர் வந்தால் தாராளமாக வேடிக்கை பார்க்கலாம். நகல் இல்லாதவர்கள் டிக் டிக் கேட்டவுடன் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தரவு மீட்பு நிலையத்துக்குப் போங்கள். வைத்தியருக்குக் காபி கொடுங்கள், டிஸ்கைக் கொடுக்காதீர்கள்.