ரசமலாயும் மைதா மூட்டையும்

நவி சாங்வி கிருஷ்ணா சௌக்கில் நின்று அண்ணாந்து பார்த்தால், மனித குலத்தில் இவ்வளவு மரியாதை பாக்கியிருக்கிறதா என்று மலைப்பு வரும். ஃப்ளெக்ஸ் பேனர் முழுக்க தாதா, பாவூ, சாஹேப். கூப்பிய கைகள். பிறந்தநாள் வாழ்த்துக்குக் கீழே ‘வருங்கால கவுன்சிலர்’ என்ற பட்டம். பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியின் பதவிக்காலம் 2022 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2026 ஜனவரி 15இல்தான் வந்தது. நடுவே ஏறக்குறைய நான்கு வருடம் எல்லாருமே வருங்காலமாக இருந்தார்கள். அந்த நிகழ்காலத்தில் குப்பை அள்ளும் பொறுப்பு ஆணையர் தலையில் இருந்தது.

இந்த மரியாதையெல்லாம் கைக்கு மைக் வரும்வரைதான். அதே தேர்தல் சமயத்தில் நம்மூர் அண்ணாமலை பிரச்சாரத்துக்கு மும்பை வந்தார். மும்பை மகாராஷ்டிரத்துக்கு மட்டும் சொந்தமான ஊரல்ல, சர்வதேச நகரம் என்கிற மாதிரி பேசிவிட்டார். ராஜ் தாக்கரே மேடையில் அவருக்கு ‘ரசமலாய்’ என்று பெயர் வைத்து, லுங்கிக்காரர்களை விரட்டச் சொல்லும், தன் பெரியப்பா பாலாசாஹேப் தாக்கரே காலத்துக் கோஷத்தையும் தூசு தட்டி எடுத்தார். மும்பைக்கு வருகிறேன், முடிந்தால் காலை வெட்டுங்கள் என்றார் அண்ணாமலை. பால்கனியில் நான் லுங்கியோடுதான் இந்தச் செய்தியைப் படித்தேன்.

எதிர்வீட்டு மராட்டிப் பெரியவர் என்னைவிட இருபது வயது மூத்தவர். ஆனாலும் தென்னிந்தியன் என்பதால் நான் அவருக்கு ‘அண்ணா’. அவருக்கும் கோபம்தான், ஆனால் வேறு காரணம்.

“ரசமலாய் ஒரு திட்டா, அண்ணா? அது வங்காளத்து இனிப்பு! பாலாசாஹேப் சரத் பவாரை ‘மைதா மூட்டை’ என்றாரே, அது திட்டு. பவாரே சிரித்திருப்பார்.”

“ஆனால் 2006இல் பவார் மகள் சுப்ரியா ராஜ்யசபாவுக்கு நின்றபோது, அதே பாலாசாஹேப் எதிர்த்து ஆளே நிறுத்தவில்லையே, காகா?”

“அதைத்தான் சொல்கிறேன். வாய் வேறு, வீட்டுப் பெண் வேறு.”

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1966இல் சிவசேனா பிறந்த புதிதில் அந்த வாயிலிருந்து வந்தது தென்னிந்தியர்களின் கடைகள்மீது கல்லாக விழுந்தது. நம் தமிழ்நாட்டிலும் பெருமைப்பட நிறைய இல்லை. அரசியலில் பல காலம் ராஜாஜியை எதிர்த்த பெரியார் 1972இல் அவர் சிதைக்கு முன் அழுதார். ஆனால் 2017இல் நம் சட்டமன்றத்தில் சபாநாயகர் தனபாலின் சட்டையே கிழிந்தது.

இத்தனைக்கும் எங்கள் நவி சாங்விக்குப் பக்கத்திலேயே இருக்கிறது புணே. திட்டுவதில் அந்த ஊருக்கு ஈடு கிடையாது. சதாசிவ் பேட்டின் வாசல் பலகைகளைப் படிக்க வேண்டும். மணியை ஒருமுறை அடியுங்கள், உள்ளே இருப்பவர்களும் நடந்துதான் வரவேண்டும் என்கிற ரகம். ‘தயவுசெய்து’ இருக்கும், இலக்கணம் பிசகாது, கெட்ட வார்த்தை ஒன்றுகூட இருக்காது. படித்து முடித்து நான்கு வீடு தாண்டிய பிறகுதான் வலிக்கும். யாரோ உட்கார்ந்து, அடித்துத் திருத்தி, பெயிண்டருக்குக் காசு கொடுத்து எழுதிய அவமானம் அது.

இன்றைய தலைவர்களிடம் அந்த உழைப்பைத்தான் காணோம். வார்த்தை கிடைக்காவிட்டால் உடனே கை. 2025 ஜூலையில் எம்எல்ஏ சஞ்சய் கெய்க்வாட், பருப்பு ஊசிப்போயிருக்கிறது என்று மும்பை எம்எல்ஏ விடுதி கேன்டீன் ஊழியரை அடித்தார். அதே மாதம் விதான் பவனுக்குள்ளேயே இரண்டு எம்எல்ஏக்களின் ஆட்கள் கட்டிப் புரண்டார்கள். புணேக்காரராக இருந்தால் அந்தப் பருப்பைப் பற்றி ஒரு பலகை எழுதித் தொங்கவிட்டிருப்பார். சமையல்காரர் தானே ராஜினாமா செய்திருப்பார்.

ஆகவே எல்லாக் கட்சித் தலைவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். திட்ட வேண்டாம் என்று கேட்கவில்லை. மேடை ஏறுமுன் உரையை சதாசிவ் பேட்டில் ஏதாவது ஒரு பெரியவரிடம் காட்டித் திருத்தி வாங்கிக்கொள்ளுங்கள். காசு கேட்க மாட்டார். மதியத் தூக்க நேரமான ஒன்றிலிருந்து நான்குக்குள் மட்டும் போய் மணியடித்துவிடாதீர்கள்.