பனச்சமூட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு விளை

உயிலில் ஒரே ஒரு எக்சிகியூட்டரை நியமித்தால் குடும்பமே அவரைச் சந்தேகப்படும். இரண்டு பேரை நியமித்தால் அவர்களே ஒருவரையொருவர் சந்தேகப்பட்டுக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு அந்த வேலை மிச்சம். எங்கள் பெரியப்பா இதையெல்லாம் யோசித்துத்தான் செய்திருப்பார் என்று நினைக்கிறேன். பிள்ளையில்லாத மனிதர், மற்றவர்களுடைய பிள்ளைகளின் வருங்காலத்துக்கு ஒரு பொழுதுபோக்கை ஏற்பாடு செய்துவிட்டுப் போனார்.

சிதறால் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மலைதான் நினைவுக்கு வரும். மார்த்தாண்டத்திலிருந்து ஏழு கிலோமீட்டர். கல் பாவிய பாதையில் மூச்சு வாங்க ஏறினால் உச்சியில் சமணர் குடைவரை. ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில் குணந்தாங்கி குரத்திகள் என்ற சமணப் பெண்துறவி இந்தத் திருச்சாரணத்து மலைப் பட்டாரிக்குப் பொன் நகை கொடுத்ததைப் பாறையிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். சாட்சி செத்துப் போனார், கையெழுத்து என்னுடையதில்லை என்ற பேச்சுக்கெல்லாம் அங்கே இடமில்லை. பிற்காலத்தில் அது பகவதி கோயிலாகவும் ஆயிற்று. இன்றைக்கும் உள்ளே மகாவீரர், பார்சுவநாதர், பகவதி மூவரும் ஒரே பாறைக்குள்தான் இருக்கிறார்கள். ஒருவர்மேல் ஒருவர் கேவியட் போட்டதாகக் கல்வெட்டு ஏதும் கிடைக்கவில்லை. அந்த மலையடிவாரத்தில்தான் எங்கள் குடும்பமும் இருக்கிறது. மேலே இருக்கும் குணம் கீழே இறங்கி வரவில்லை.

பெரியப்பாவின் சொத்து இவ்வளவுதான்: சிதறாலில் வீடும் ரப்பர் விளையும். பனச்சமூடு தாண்டி, வெள்ளறடாவில் இன்னொரு விளை. பிறகு வெண்கல உருளி ஒன்று. உயிலில் உருளியைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. வழக்கின் கால்பங்கு காலம் உருளிக்காகத்தான் ஓடியது.

உயிலின் சாரம் எளிமையானது. பெரியம்மை உள்ள காலம் வரை அனுபவிக்க வேண்டும். அவருக்குப் பின் கத்தாரில் இருக்கும் அத்தை மகனுக்கு, அதாவது என் அத்தானுக்கு. நிறைவேற்றி வைக்க இரண்டு பேர். ஒருவர் என் சித்தப்பா, சிதறால். மற்றவர் பெரியம்மையின் உடன்பிறந்தவர், எனக்கு மாமா, வெள்ளறடா. "ஒருத்தன் எனக்க ஆளு, ஒருத்தன் அவளுக்க ஆளு. ரெண்டு பேரும் ஒருத்தனை ஒருத்தன் பார்த்துக்கிடுவானுவ" என்றாராம் பெரியப்பா, எழுத்தரிடம். பார்த்துக்கொண்டார்கள். கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

எல்லையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அந்த வெள்ளறடா விளையைப் பெரியப்பாவின் அப்பா வாங்கியபோது எல்லை என்று ஒன்று கிடையாது. எல்லாம் திருவிதாங்கூர். ஆதாரம் மலையாளத்தில், கொல்லம் ஆண்டு 1114 என்று போட்டிருக்கும். பேரப்பிள்ளைகளில் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, சோழர் காலத்துச் சொத்தா என்று கேட்டான். 825 கூட்டிக்கொள்ள வேண்டும் என்று சொன்ன பிறகு அவனுக்கு ஆர்வம் போய்விட்டது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. வெள்ளறடா இருந்த நெய்யாற்றின்கரையையும் கேட்டுப் போராடினார்கள், கிடைக்கவில்லை. போராட்டத்தை நடத்திய மார்ஷல் நேசமணிக்கே கிட்டாதது எங்கள் விளைக்கா கிட்டும்? அது எழுந்து இந்தப் பக்கம் வரவும் இல்லை. ஆக, சிதறாலில் பஸ் ஏறி ஒரு தூக்கம் போட்டு எழும் தூரத்தில் இன்னொரு மாநிலம், இன்னொரு வில்லேஜ் ஆபீஸ், இன்னொரு மொழியில் ரசீது. இங்கே பட்டா மாறுதல், அங்கே போக்குவரவு. சித்தப்பா தமிழில் சண்டை போடுவார், மாமா மலையாளத்தில் பதில் சொல்வார். கோபம் ஏறிவிட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வாரிசு வழக்கு புதிதல்ல. இந்த மாவட்டத்தில் எத்தனை விதமான வாரிசுச் சட்டங்கள் நடந்திருக்கின்றன என்று எண்ணினால் சட்டக் கல்லூரிக்கு ஒரு வருடப் பாடம் தேறும். நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் சொத்து மகனுக்குப் போகாமல் மருமகனுக்கு, அதாவது சகோதரியின் மகனுக்குப் போனது. அதனால் வந்த கூத்தையெல்லாம் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'மருமக்கள் வழி மான்மியம்' என்று பாடினார். கதை சொல்லுகிறவள் ஒரு கிழவரின் ஐந்தாம் மனைவி. 1926இல் சட்டம் வந்து அந்த முறை தளர்ந்தது. (சிதறால் நாஞ்சில் நாட்டில் சேராது, அது விளவங்கோடு, பழைய வேணாடு என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு வணக்கம்.) கிறிஸ்தவர்களுக்கு 1916ஆம் வருடத்துத் திருவிதாங்கூர் சட்டம். அதன்படி உயில் இல்லாமல் அப்பா இறந்தால் மகளுக்கு மகன் பங்கில் கால், அல்லது ஐயாயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. இந்தக் கடைசி வார்த்தைகளை எழுதியவரின் கை எவ்வளவு உறுதியாக இருந்திருக்க வேண்டும்! மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை போய் 1986இல் அதை ஒழித்துக் கட்டினார்.

இவ்வளவு அனுபவமுள்ள மண்ணில் பிறந்த சித்தப்பா, பெரியப்பாவின் பதினாறாம் நாள் கழிந்ததும் நாகர்கோவில் மாவட்ட நீதிமன்றத்தில் புரொபேட் மனு போட்டார். புரொபேட் என்றால், இந்த உயில் உண்மையானது, இவர்தான் எக்சிகியூட்டர் என்று நீதிமன்றம் முத்திரையிட்டுத் தருவது. இதில் வேடிக்கை என்னவென்றால், 1925ஆம் வருடத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் சென்னை நகரத்துக்காரர்களுக்கு இருந்த கட்டாயம் எங்களுக்கு இருந்ததே இல்லை. இந்துக்களுக்கு நகர எல்லைக்கு வெளியே தேவையில்லை, முஸ்லிம்களுக்குத் தேவையில்லை, கிறிஸ்தவர்களுக்கு 2002 திருத்தத்தில் விலக்கு. மும்மதத்தாரும் ஒற்றுமையாக வாழும் மாவட்டம் என்று மேடையில் பேசுவார்களே, புரொபேட் விஷயத்தில் அது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் சித்தப்பாவுக்குக் கோர்ட்டு சீல் வேண்டும். மாமாவின் முகத்துக்கு நேரே நீட்ட ஒரு காகிதம் வேண்டும்.

செய்தி வெள்ளறடாவுக்கு எட்டியது. மாமா மறுநாளே குழித்துறையில் ஒரு வக்கீலைப் பிடித்துக் கேவியட் போட்டார். எதிர்ப்பு வந்துவிட்டால் மனு அப்படியே வழக்காக மாறிவிடும். வாதி, பிரதிவாதி, சாட்சி, வாய்தா எல்லாம் உண்டு. உயில் பொய் என்று மாமா சொல்லவில்லை. அவரும் அதே உயிலில் எக்சிகியூட்டர்தானே, எப்படிச் சொல்வார்? "உயில் சத்தியம். பட்சே அவன்..." என்று தொடங்கி, 'அவன்' பற்றிய விவரங்களை வக்கீலிடம் அரைநாள் சொன்னார். வக்கீல் குறித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

வக்கீல் சொன்ன ஒரு விஷயம் மட்டும் இரண்டு வீட்டுத் திண்ணையிலும் ஒரே நேரத்தில் இடியாக இறங்கியது. மாவட்ட நீதிபதி தரும் புரொபேட் அந்த மாநிலத்துக்குள்தான் செல்லும். எல்லை தாண்ட வேண்டுமானால், வெளி மாநிலத்தில் இருக்கும் சொத்து பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் போகாது என்று அந்த நீதிபதி சான்று சொல்ல வேண்டும். சட்டத்தின் 273ஆம் பிரிவு. பத்தாயிரம் ரூபாய்! 1925இல் அது ஒரு ஜமீன். இன்றைக்கு வெள்ளறடாவில் அந்தப் பணத்துக்கு ஒரு பிலா மரத்தின் நிழலை வேண்டுமானால் குத்தகைக்குப் பிடிக்கலாம், மதியம் மட்டும். உயர் நீதிமன்றம் கொடுத்தால் இந்தியா முழுக்கச் செல்லும் என்றார் வக்கீல். சித்தப்பா மனதுக்குள் பஸ் கட்டணம் கணக்குப் போடுவது தெரிந்தது.

எல்லை தாண்டிய சொத்தில் மாட்டிக்கொண்டவர்கள் நாங்கள் மட்டுமில்லை என்று அன்று இரவு அவருக்கு ஆறுதல் சொல்லப் பார்த்தேன். முகமது அலி ஜின்னா 1939 மே 30 அன்று உயில் எழுதி மூன்று எக்சிகியூட்டர்களை நியமித்தார்: தங்கை பாத்திமா ஜின்னா, பம்பாய் சொலிசிட்டர் முகமது அலி சாய்வாலா, டெல்லிவாசி லியாகத் அலி கான். எட்டு வருடம் கழித்து, அவரே கேட்டு வாங்கிய எல்லை அந்த உயிலுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தது. லியாகத்தும் பாத்திமாவும் கராச்சியில், மலபார் ஹில் மாளிகை பம்பாயில். 1951இல் லியாகத்தைச் சுட்டுக் கொன்றார்கள். 1967இல் பாத்திமா போனார். மகள் தீனா வாடியா அந்த வீட்டைக் கேட்டு 2007இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஏறினார். 2017இல் அவரும் இறந்தார். வீடு மட்டும் நிற்கிறது. சித்தப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவருக்கு மச்சினன் உண்டா?" என்றார். உயிலில் அப்படி யாரும் இல்லை என்றேன். "அப்ப நம்ம கேசு வேற" என்று படுக்கப் போய்விட்டார்.

சட்டத்தில் கூட்டு எக்சிகியூட்டர்களுக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 311ஆம் பிரிவு. உயிலில் மாறாக ஏதும் சொல்லாவிட்டால், எத்தனை பேர் இருந்தாலும் உயிலை நிரூபித்த ஒருவரே எல்லோருடைய அதிகாரத்தையும் செலுத்தலாம். நூறு வருடத்துக்கு முன்பே யாரோ ஒரு வெள்ளைக்காரனுக்கு ஒரு மச்சினன் இருந்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் இவ்வளவு தெளிவாக எழுத வராது. ஆனால் பெரியப்பா அந்தக் கதவையும் சாத்திவிட்டார். "இருவரும் சேர்ந்தே கையொப்பமிட வேண்டும், தனித்தனியே செல்லாது" என்று உயிலின் அடியில் ஒரு வரி. அந்த வரியின் பலத்தில் பேங்கில் பணம் அசையவில்லை, பட்டா அசையவில்லை, போக்குவரவு அசையவில்லை.

அப்போது ஊரில் ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் தலையிட்டார். இரண்டு பேரையும் உட்கார வைத்து உயிலைத் தானே விசாரித்துத் தீர்ப்புச் சொல்வதாக நோட்டு பேனாவோடு வந்தார். உயில் உண்மையா இல்லையா என்று தனிப்பட்ட மத்தியஸ்தர் சொல்ல முடியாது, அது கோர்ட்டின் வேலை என்று 1993இல் கோயங்கா வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது என்றார் வக்கீல். உயில் உண்மை என்றுதான் இரண்டு பேரும் சொல்கிறார்கள் என்று ஹெட்மாஸ்டர் வாதிட்டார். அது நல்ல வாதம். யாரும் காதில் வாங்கவில்லை. அவர் உருளியைப் பார்க்கப் போனார். அது மாமா வீட்டில் சக்கைப் பிரதமனோடு அடுப்பில் இருந்தது.

இதற்கிடையில் கத்தார் அத்தான் தன் பங்குக்கு ஒரு பவர் ஆஃப் அட்டர்னி அனுப்பினார். தோஹாவில் இந்தியத் தூதரகம் வரை போய், லீவு எடுத்து, அத்தாட்சி வாங்கியது. வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியா வந்து சேர்ந்தால் மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். சித்தப்பா அதை உறையோடு பத்தாயத்துக்குள் பத்திரமாக வைத்தார். மாமாவோடு பேச்சு இல்லாததால் வந்த தகவலைச் சொல்லவில்லை. மூன்று மாதமும் அது பத்தாயத்திலேயே கழிந்தது. அத்தான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கைகூப்பு எமோஜிகள் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக வேறு கை அசைவுகளாக மாறின.

முடித்து வைத்தது பெரியம்மைதான். மே மாதம் முடியப் போகிறது. மழைக்கு முன் ரப்பர் மரத்துக்கு ரெயின் கார்டு ஒட்டாவிட்டால் மழைக்காலம் முழுக்க வெட்டு நடக்காது. ரெயின் கார்டுக்குப் பணம் பேங்கில்; பேங்குக்கு இரண்டு கையெழுத்து. வெட்டுக்காரர் வேறு தோட்டத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டார். சிரட்டையில் பாலுக்குப் பதில் கொசு வளர்ந்தது. பெரியம்மை என்னைக் கூப்பிட்டு, "மக்களே, அந்த வக்கீலுக்கிட்ட எனக்கு வேண்டி ஒண்ணு கேளு. இவனுவ ரெண்டு பேரையும் கழட்டி விட சட்டத்தில வழி உண்டா?" என்றார்.

உண்டு. 301ஆம் பிரிவு. உயர் நீதிமன்றத்துக்கு மனு போட்டால் எக்சிகியூட்டரை நிறுத்தி வைக்கலாம், நீக்கலாம், வேறொருவரை நியமிக்கலாம். இந்தப் பதிலை நான் ஒரே நாளில் சிதறாலிலும் வெள்ளறடாவிலும் சொன்னேன். சித்தப்பா, "அவனைத்தானே எடுப்பாவ?" என்று கேட்டார். மாமாவும் அதையேதான் கேட்டார், மலையாளத்தில். இரண்டு பேரையும் என்றேன்.

அடுத்த ஞாயிறு இருவரும் பெரியம்மை வீட்டுத் திண்ணையில், தூணுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்தார்கள். வக்கீலும் வந்திருந்தார். அவர் அன்று சொன்னதை இரண்டு வருடத்துக்கு முன் சொல்லியிருந்தால் என்ன என்று எனக்கு இன்றும் புரியவில்லை. உயிலில் குறிப்பிட்ட சொத்து உரியவருக்குப் போகட்டும் என்று எக்சிகியூட்டர்கள் சம்மதம் சொன்னால் போதும், சொத்து அவர் கைக்குப் போய்விடும். 333ஆம் பிரிவுப்படி அந்தச் சம்மதத்தை வாயால் சொன்னாலே செல்லும். அதாவது இரண்டு மனிதர்கள் "சரி" என்று சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்லாமல் இருக்கத்தான் இவ்வளவு செலவு.

பெரியம்மை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சித்தப்பா "சரி" என்றார். மாமா "செரி" என்றார். வாயால் சொன்னது வில்லேஜ் ஆபீசில் செல்லாது என்பதால் வக்கீல் அதைத் தமிழில் ஒன்றும் மலையாளத்தில் ஒன்றுமாக எழுதி நான்கு கையெழுத்து வாங்கினார். தமிழ்நாட்டு வேலை சித்தப்பா, கேரளத்து வேலை மாமா, பேங்குக்கு மட்டும் இருவரும். மனு வாபஸ், கேவியட் வாபஸ். ரெயின் கார்டு ஜூன் இரண்டாம் வாரம் ஒட்டினார்கள், முதல் மழைக்குக் கொஞ்சம் பிந்தித்தான்.

உயில் எழுத உட்காருகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒருவரை மட்டும் எழுதுங்கள். அவர் இல்லாவிட்டால் இன்னார் என்று அடுத்த பெயரையும் எழுதுங்கள். இரண்டு பேரை ஒன்றாகப் போட்டே தீருவேன் என்றால் 'இருவரில் ஒருவர் கையொப்பமிட்டால் போதும்' என்று சேருங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் நிலம் இருந்தால் உயிலில் அதற்குத் தனியாக ஓர் ஆளைச் சொல்லுங்கள். உருளி, குத்துவிளக்கு, பிரம்பு நாற்காலி எல்லாவற்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள்.